பிள்ளைக்கு ஆபத்தென்றால்: சுயம்புலிங்கமா, ஜோயலா?

'பாபநாசம்' படமா, 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வீடியோ கேமா என்று சனிக்கிழமை உவர்மலை வீட்டில் மருமகனோடு இழுபறி. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளைக்கு ஆபத்து, அப்பன் என்ன செய்வான்? (முடிவு தெரியக்கூடாதென்றால் இதோடு நிறுத்துங்கள்.)

ஆயுதம்: 'பாபநாசம்' (2015) சுயம்புலிங்கத்துக்கு, பார்த்த சினிமாக்கள். பஸ் டிக்கெட், தியேட்டர் டிக்கெட் என்று சாட்சி சேர்க்கிறார். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' (2013) ஜோயலுக்குத் துப்பாக்கி.

பொய்: சுயம்பு ஊருக்குச் சொல்கிறார். ஜோயல், தான் காப்பாற்றிய சிறுமி எல்லியிடமே. இத்தனைக்கும் அவள் பெற்ற மகள்கூட இல்லை. அதுதான் எனக்குத் தொண்டையில் முள். அவளைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் ஜோயலாகச் சுட்டது, கேம் ஆடிய என் விரல்தானே.

நேரம்: படம் 3 மணி நேரம். கேம் பல இரவு.

அம்மாவும் கச்சானோடு வந்து உட்கார்ந்தால் படம். தனியே, கரண்ட் போகாத இரவென்றால் ஜோயல்.