நாகர்கோவில் லாஜிக் வகுப்பு: அட்டவணைப் பயிற்சி அருமை, கையேட்டில் ‘+1’ காணோம்

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடியறையில் இரண்டு சனிக்கிழமைகளாக நடக்கும் வகுப்பு இது. ஒரு கணினி நிரல் இன்னொரு நிரலின் வரிகளைப் படித்து, அது என்ன செய்யும் என்று நிறுவிப் பார்த்துத் தன் முடிவை எடுப்பதுதான் பாடம். பி.எஸ்சி. கணிதம் படித்தவர்கள் தாராளமாகப் பின்தொடரலாம். நோட்டும் பென்சிலும் போதும், லேப்டாப் வேண்டாம்.

தோவாளை பூச்சந்தை வியாபாரிகள் இருவரை வைத்துத் தொடங்குகிறார்கள். இருவரும் தங்கள் விதியை எழுதி, சீட்டை மாற்றிக்கொள்கிறார்கள்: “நீ விலையை உடைக்க மாட்டாய் என்று உன் சீட்டிலிருந்து நிறுவ முடிந்தால் நானும் உடைக்க மாட்டேன்.” இதுதான் ஃபேர்பாட். ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து முடிவே வராது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 1955இல் வெளியான லோப் தேற்றத்தின்படி (‘நிறுவ முடிந்தால் இது உண்மை’ என்பதையே நிறுவ முடிந்தால், அந்தக் கூற்றையும் நிறுவிவிடலாம்) இருவரும் ஒத்துழைப்பார்கள், அதாவது விலையை உடைக்க மாட்டார்கள். இதை 2014இல் பராஸ், கிறிஸ்டியானோ முதலானோர் கட்டுரையாக எழுதினார்கள்.

வகுப்பின் உயிர் அட்டவணைதான். வரிசை 0, 1, 2 என்று கீழே போக வேண்டும். முந்தைய எல்லா வரிசைகளிலும் ஒரு கூற்று சரி என்றால்தான் இந்த வரிசையில் அது ‘நிறுவ முடியும்’. வரிசை 0க்கு மேலே எதுவும் இல்லாததால் அங்கே எல்லாமே ‘நிறுவ முடியும்’. ஃபேர்பாட் தன்னைப் போன்ற இன்னொன்றைச் சந்தித்தால் ‘ஒத்துழைக்கும்’ என்பது எல்லா வரிசையிலும் சரி. எப்போதும் ஏமாற்றும் நிரலைச் சந்தித்தால் வரிசை 0இல் சரி, 1 முதல் தவறு. மாறாமல் நிற்கும் மதிப்புதான் விடை. முதல் வரிசையைப் பார்த்து எழுதினால் விடை தலைகீழாகிவிடும். பலரும் தடுக்கி விழும் இடம் இது. இன்னொன்று: எதிராளியைப் பற்றிய பேச்சு முழுவதும் ‘நிறுவ முடியும்’ என்பதற்குள்ளே இருந்தால்தான் இந்த முறை செல்லும்.

கையேட்டின் குறை ப்ரூடன்ட்பாட் என்ற இன்னொரு நிரலின் பக்கத்தில். அது இரண்டு சோதனை செய்கிறது: எதிராளி தன்னோடு ஒத்துழைக்கும் என்று பியானோ எண்கணிதத்திலேயே (இயல் எண்களுக்கான அடிப்படை விதித்தொகுப்பு) நிறுவ வேண்டும், ஏமாற்றுபவனோடு எதிராளி ஒத்துழைக்காது என்பதை, அந்த எண்கணிதம் முரணற்றது என்ற கூடுதல் அனுமானத்தோடு நிறுவ வேண்டும். அந்த அனுமானம்தான் ‘+1’, அச்சில் அது விடுபட்டிருக்கிறது. சின்னப் பிழைதானே என்று விட முடியாது. +1 இல்லாமல் ஃபேர்பாட்டோடு போட்டுப் பாருங்கள்: வரிசை 1இல் ப்ரூடன்ட்பாட் தவறு, 2இல் ஃபேர்பாட்டும் தவறு, அதன்பின் இருவரும் ஏமாற்றுகிறார்கள். +1 சேர்த்தால் எல்லா வரிசையும் சரி, ஒத்துழைப்பு நிற்கிறது.

ஐந்தும் பத்தும் புதிரை அரைமணி நேரத்தில் முடிப்பது போதாது. 5 ரூபாயா 10 ரூபாயா என்று தேர்ந்தெடுக்கும் நிரல், “10 எடுத்தால் 0தான் கிடைக்கும்” என்று நிறுவிவிட்டு 5ஐ எடுக்கலாம். 10ஐ எடுக்கவே இல்லை என்பதால் அந்தக் கூற்று வெறுமையாக உண்மையாகிவிடும். “ஒரு செயலை நான் செய்ய மாட்டேன் என்று நிறுவினால் உடனே அதைச் செய்” என்ற விதியை முதலில் வைத்தால் இந்தப் போலி நிறுவல் அடைபடும். விதியைச் சொல்கிறார்கள், ஏன் வேலை செய்கிறது என்று போட்டுக் காட்டவில்லை. இதற்கே ஒரு அமர்வு ஒதுக்க வேண்டும்.

கணிதத்துக்காகப் போகிறவர்களுக்குக் காசுக்கு மதிப்பு உண்டு. நிரல் எழுதும் எண்ணத்தோடு போகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்: உண்மையான நிரல் நிறுவலைத் தேட நீள வரம்பு வேண்டும், அங்கே லோப் தேற்றம் அப்படியே பொருந்தாது. ஆண்ட்ரூ க்ரிட்ச் 2016இல் எழுதிய வரம்புள்ள வடிவம்தான் அதற்கு வேண்டும். அது பாடத்திட்டத்தில் இல்லை.