மத்தியா, வஞ்சிரமா, மாத்திரையா?

மீன் கடையில் வஞ்சிரத்துக்குக் கூட்டம் நிற்கும். பக்கத்துக் கூடையில் மத்தி சீந்துவாரின்றிக் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. முள் அதிகம், வாடை வீடெல்லாம் அடிக்கும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் உடம்புக்கு ஒமேகா-3 வேண்டும் என்று யாராவது சொன்னால் மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். அப்படி விற்கும் பல மாத்திரைகளுக்குள் இருப்பது தென் அமெரிக்காவில், பெரு நாட்டுக் கடலில் பிடித்த நெத்திலியின் எண்ணெய். அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்ததை வாங்கும் நாம், நம் கரையிலேயே கிடைக்கும் மீனைத் தாண்டிப் போகிறோம்.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன், இந்தச் சத்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒமேகா-3இல் நாம் தேடுவது இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்புகளை. மீன்கள் இவற்றைப் பெரும்பாலும் தின்றுதான் சேர்க்கின்றன. உண்மையில் இவற்றைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அவற்றுக்கு வெயில் வேண்டும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா, துளி இரும்பு என்று உரமும் வேண்டும். வெயில் கடலின் மேல்மட்டத்தில் இருக்கிறது. உரமோ செத்த உயிர்களோடு கீழே இறங்கி, ஆழத்தில் தேங்கிக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் மேல்நீர் கரையைவிட்டு விலகும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் உரத்தோடு மேலே ஏறும். வெயிலும் உரமும் ஒரே இடத்தில் கூடியதும் கடல் பச்சை கட்டும். வயலுக்கு எரு போட்ட மாதிரிதான்.

அந்தப் பாசிகளில் முக்கியமானவை டயாட்டம்கள். சிலிக்காவால், அதாவது கண்ணாடி போன்ற ஓட்டால், தங்களைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்பவை. மத்தியின் செவுளைத் திறந்து பாருங்கள், உள்ளே மெல்லிய சீப்புப் பற்கள் போல வரிசையாக இருக்கும். வாயைத் திறந்தபடி நீந்தி, அந்தச் சீப்பால் டயாட்டம்களை வடிகட்டித் தின்கிறது மத்தி. பாசிக்கும் நம் தட்டுக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரே ஒரு மீன்தான். வஞ்சிரம் அப்படி இல்லை. பாசியைத் தின்ற சிறுமீனைத் தின்று வளர்வது அது. ஒரு படி ஏறும்போது தின்றதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடம்பாகும். மீதி நீந்துவதற்கும் மூச்சுக்கும் செலவாகிவிடும். ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பின்னால் ஏறத்தாழ பத்துக் கிலோ சிறுமீன் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விலை வித்தியாசத்துக்கு இது மட்டும் காரணமில்லை என்றாலும் இதை மறக்கக் கூடாது.

சத்துக் கணக்குக்கு வருவோம். எலும்போடு டப்பாவில் அடைத்த சார்டின் (மத்தியின் உறவுதான்) 100 கிராமில் ஏறத்தாழ 1 கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. இருக்கிறது. கால்சியம் 380 மில்லிகிராம். அதே அளவு பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. பி12, வைட்டமின் டி, செலினியம் எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். கால்சியத்தில் பெரும்பகுதி முள்ளில் இருப்பதால், முள் மெத்தென்று ஆகும்வரை வேகவைத்து அதையும் மென்று தின்றால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். வஞ்சிரத்தில் நல்ல புரதம் உண்டு. ஆனால் ஒமேகா-3 குறைவு, முள்ளையும் தின்ன முடியாது. தவிர, மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீனில் பாதரசம் படிப்படியாகச் சேரும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் பெரிய வேட்டை மீன்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

வஞ்சிரத்துக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். முள்ளுக்குப் பயப்படும் குழந்தைக்கும், பல் போன பெரியவருக்கும் அது வசதி. என்றைக்காவது ஒரு துண்டு வறுத்துச் சாப்பிடுவதில் எந்தத் தப்பும் இல்லை. சத்துக்காக என்று சொல்லி அதற்கு அத்தனை பணம் கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இப்போது மாத்திரை. 1000 மி.கி. என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மி.கி.தான். 100 கிராம் மத்தியில் இருப்பதை எட்ட மூன்று மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும். அப்போதும் கால்சியமும் புரதமும் கிடைக்காது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தி 2018-இல் முடிவை வெளியிட்ட 'வைட்டல்' ஆய்வில், நாளுக்கு 1 கிராம் மீன் எண்ணெய் பெரிய இதயப் பாதிப்புகளைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. மீன் குறைவாகச் சாப்பிடுபவர்களிடம்தான் ஓரளவு பலன் தெரிந்தது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறியவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அதிக அளவு ஒமேகா-3 மருந்தின் கதை வேறு. அதை இந்தக் கடைமாத்திரையோடு சேர்த்துப் பேசக் கூடாது. அதிக அளவு எடுத்தால் இதயத் துடிப்புச் சீர்குலைவு வரும் வாய்ப்பும் கூடுகிறது, ஆகவே சொந்தமாக அளவை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அந்த மாத்திரையும் கீழிருந்து மேலேறும் நீரை நம்பித்தான் இருக்கிறது. பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் பெருவின் கரையில் வெதுவெதுப்பான நீர் மூடி போட்டது போல மேலே தங்கிவிடும். உரம் மேலே வராது. பாசி குறையும், நெத்திலியும் குறையும். 1972-இல் எல் நினோவும் மிதமிஞ்சிய பிடிப்பும் சேர்ந்து அந்த மீன்பிடியே சரிந்தது. 2023-இலும் அங்கே அந்த ஆண்டின் முதல் பருவ நெத்திலிப் பிடிப்பை நிறுத்தினார்கள்.

மத்தியும் இதற்கு விலக்கில்லை. கேரளத்தில் 2012-இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021-இல் 3,300 டன்னைக்கூடத் தொடவில்லை. பிறகு மறுபடியும் ஏறியது. எனவே விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மத்தி கூடையில் வந்தால் வாங்காதீர்கள். நம் கரைகளில் பிடிக்கும் சிறுமீனில் ஒரு பகுதி மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகிறது. மனிதர் தின்ன வேண்டிய மீன் அது என்பது என் ஆதங்கம்.

சரி, மீனே சாப்பிடாதவர்கள்? ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. நம் உடம்பு அதில் சிறு பங்கைத்தான் இ.பி.ஏ.வாக மாற்றும், டி.எச்.ஏ.வாக மாறுவது இன்னும் சொற்பம். விதை நல்லதுதான், ஆனால் மீனுக்கு ஈடாகாது. பாசியிலிருந்தே நேராக எடுத்த டி.எச்.ஏ. மாத்திரை கிடைக்கிறது. மீனுக்கே சத்து கொடுத்த இடத்திலிருந்து வருவது அது. சைவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். விலை மட்டும் கொஞ்சம் கூட.

யூரிக் அமிலம் ஏறி மூட்டுவலியால் அவதிப்படுபவர்கள் மத்தியைக் குறைக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். மற்றவர்களுக்கு வாரம் இரண்டு முறை மத்தி, அதிலும் குழம்பு. எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் எண்ணெய் வெளியேறிச் சட்டி எண்ணெய் உள்ளே ஏறும். குழம்பில் இறங்கினால் எங்கும் போகாது, சோற்றோடு நம் வாய்க்கே வந்துவிடும். புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, மண்சட்டியில் சிறுதீயில் வையுங்கள். மறுநாள் முள் இன்னும் இளகியிருக்கும். வாங்கும் மாதமும் முக்கியம். ஆடியில் முட்டையிட்டு மெலிந்திருக்கும் மத்தி, பருவமழைப் பாசியைத் தின்று புரட்டாசி, ஐப்பசியில் கொழுக்கும். விரதம் முடிந்த கையோடு கடைக்குப் போய், வயிறு தடித்த மீனாகப் பார்த்து எடுங்கள். குழம்பு இறக்கி ஆறியதும் மேலே பொன்னிறமாக ஒரு எண்ணெய்ப் படலம் மிதக்கும். அதை வழித்து எடுத்துவிடாதீர்கள்.