சாம்பிள் அட்டையில் தெரியாதவை: உள் அலங்காரப் பொருட்கள், சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சாம்பிள் அட்டைகள் எல்லாமே முகத்தைத்தான் காட்டும். லேமினேட்டின் மேல்பரப்பு, துணியின் நெசவு, கல்லின் பளபளப்பு. வேலை முடித்து ஒப்படைத்த இடத்துக்குச் சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், கெட்டுப் போயிருப்பது பெரும்பாலும் அந்த முகம் இல்லை. விளிம்பு, இணைப்பு, தையல், சிங்க்குக்காக வெட்டிய மூலை, இவைதான். வீடுகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் பொருள் தேர்ந்தெடுத்து, ஆர்டர் போட்டு, தளத்தில் இறக்குவதுதான் என் வேலை. எது நின்றது, எது நிற்கவில்லை, வாங்கும் முறையில் எது கைகொடுத்தது என்று எழுதுகிறேன்.

லேமினேட்டைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. பிசினில் ஊறிய காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிச் செய்வது அது. மேல்பரப்பு வருடக்கணக்கில் தேய்ப்பையும் கறையையும் தாங்குகிறது. உரிவது எட்ஜ் பேண்ட், அதாவது பலகையின் விளிம்பை மூட ஒட்டும் பட்டை. அதுவும் கெட்டில் வைக்கும் இடத்துக்கு மேலே உள்ள கதவு, அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறை, பாத்திரம் கழுவும் மெஷினை ஒட்டிய பலகை என்று இடம் சொல்லி உரியும். சாதாரணமாக எட்ஜ் ஒட்டுவதற்கு ஈவிஏ பசை பயன்படுத்துகிறார்கள். அது சூட்டில் உருகி ஒட்டும் பசை, அதனால் மறுபடி சூடு பட்டால் இளகவும் செய்யும். பியூஆர் பசை காற்றிலும் பலகையிலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுவது, அதனால் திரும்ப உருகாது. விலை கூடும், எல்லாப் பட்டறையிலும் அதற்கான மெஷின் இருக்காது. ஆனாலும் சமையலறைக்கும் குளியலறைக்கும் இப்போது இதைத்தான் கேட்கிறேன். சாம்பிள் கேட்கும்போதும் லேமினேட் துண்டோடு விடுவதில்லை. அதே பசையில், அதே எட்ஜோடு செய்த ஒரு கைப்பிடி அகலப் பலகை வேண்டும் என்பேன். அதை ஒரு நாள் தண்ணீரில் போட்டு எடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடர்நிற மேட் பரப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் அபாரமாக இருக்கும், வீட்டில் விரல் ரேகைக் கண்காட்சி ஆகிவிடும். ரேகை பதியாத வகைகள் இருக்கின்றன. 2013-இல் வந்த ஃபெனிக்ஸ் என்ற மேட் பரப்புப் பலகை அவற்றில் அதிகம் பேசப்பட்டது. நுண்கீறல்களை ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டிச் சூடு காட்டி மறைக்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. நுண்கீறல் என்பதை அழுத்திப் படியுங்கள். கத்தி ஆழமாக இழுத்த கோடு அப்படியேதான் இருக்கும்.

கல்லுக்கு வருவோம். பளிங்கு கால்சியம் கார்பனேட். எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மேல்பரப்பு அரித்து மங்கும். சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சை அடித்தால் போதும் என்று விற்பவர் சொல்வார். சீலர் கறை உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அரிப்பைத் தடுக்காது. பளிங்குதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, பாலிஷ் போட்டதை விட்டுவிட்டு ஹோன் செய்த, அதாவது பளபளப்பு ஏற்றாமல் வழவழப்பாக மட்டும் தேய்த்த மேட் பரப்பைச் சொல்கிறேன், மங்கல் அதில் கண்ணை உறுத்தாது. குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல் சமையல் மேடைக்குச் சௌகரியமானது, அமிலத்துக்கு அசையாது. ஆனால் அதில் கல் துகளோடு பிசினும் இருக்கிறது. சூடான பாத்திரத்தை நேராக இறக்கினால் நிறம் மாறும், சமயத்தில் விரிசலும் விடும். வெயில் நேரடியாக விழும் இடத்தில் நாளாக ஆக மஞ்சளிக்கும். விரிசல் பெரும்பாலும் தொடங்குவது சிங்க் அல்லது அடுப்புக்காக வெட்டிய உள்மூலையில். செங்கோணமாக வெட்டாமல் வளைவாக வெட்டச் சொல்லி வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.

குவார்ட்ஸில் இன்னொன்றும் உண்டு. அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் அறுப்பவரின் நுரையீரலைக் கெடுக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது இதனால்தான். அதற்குப் பிறகு கொட்டேஷன் கேட்கும்போது, சிலிக்கா எத்தனை சதவீதம், தண்ணீர் விட்டு அறுக்கிறீர்களா, தூசியை உறிஞ்ச வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். பதில் சொல்லத் தயங்கும் பட்டறையோடு வேலை வைத்துக்கொள்வதில்லை.

டைல்ஸில் பெட்டிமேல் அச்சிட்ட ஷேட் எண்ணும் கேலிபர் எண்ணும்தான் எல்லாம். ஒன்று நிறத் தொகுதி, மற்றொன்று உண்மையான அளவு. இரண்டில் எது மாறினாலும் தரையில் கோடு போட்ட மாதிரி தெரியும். ஆகவே ஒரே ஆர்டரில், நேர்ப் பதிப்புக்குப் பத்து சதவீதமும் ஹெரிங்போன் என்ற சாய்வான மீன்முள் வடிவப் பதிப்புக்குப் பதினைந்து சதவீதமும் கூடுதலாக வாங்கி, மீந்த பெட்டியை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன். மரப்பலகை போன்ற நீள டைல்களைப் பாதிக்குப் பாதி தள்ளிப் பதிக்காதீர்கள். அவை நடுவில் லேசாக வளைந்திருக்கும், ஒன்றின் உயர்ந்த நடுவும் அடுத்ததன் தாழ்ந்த முனையும் பக்கத்தில் வந்து கால் இடறும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் சரி. டைல்களின் இடைவெளியை நிரப்பும் வெளிர்நிறச் சிமெண்ட் கிரவுட் சமையலறைத் தரையில் சீக்கிரமே சாம்பல் நிறத்துக்குப் போய்விடுகிறது. பிசினால் ஆன எபாக்சி கிரவுட் பூசுவது கடினம், கைதேர்ந்த ஆள் வேண்டும், ஆனால் போட்ட நிறத்தில் நிற்கிறது.

சோபாத் துணியில் எண்கள் ஏமாற்றும். துணி எத்தனை முறை தேய்ப்பைத் தாங்கும் என்று பார்க்க மார்ட்டிண்டேல் ஒரு சோதனை, வைசன்பீக் இன்னொன்று. முதலாவது எட்டு வடிவச் சுழற்சியில் தேய்ப்பது, இரண்டாவது முன்னும் பின்னுமாகத் தேய்ப்பது. ஒன்றின் எண்ணை மற்றதற்கு மாற்றிக் கணக்கிட வழியில்லை. வைசன்பீக்கில் 1,00,000-ஐத் தாண்டிய எண்ணுக்கு நடைமுறையில் பெரிய அர்த்தமும் கிடையாது. நான் போட்ட சோபாக்களில் துணி தேய்ந்து ஓட்டை விழுந்ததே அபூர்வம். உருண்டை உருண்டையாகப் பஞ்சு கிளம்பியது, கைப்பிடியின் முன்பக்கம் கறுத்தது, தையல் விட்டது, நுரை அமுங்கியது, இவையே புகார்கள். அதனால் பில்லிங், அதாவது பஞ்சு உருண்டை கிளம்புவதற்கான மதிப்பெண்ணைத் தனியாகக் கேட்கிறேன் (1 முதல் 5 வரை, 5 நல்லது). உறையைக் கழற்ற முடியுமா, நுரையின் அடர்த்தி என்ன என்றும் பார்க்கிறேன். உட்கார்ந்தவுடன் மெத்தென்று இருப்பதற்கும் அடர்த்திக்கும் சம்பந்தம் இல்லை.

மரம் நிறம் மாறும் என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வால்நட் வெளிச்சத்தில் வெளுக்கும், செர்ரி கறுக்கும். முதல் சில மாதங்கள் கம்பளத்தை அடிக்கடி நகர்த்திப் போடச் சொல்கிறேன், இல்லையென்றால் அதன் அச்சு தரையில் விழுந்துவிடும்.

இனி வாங்கும் முறை. இதற்கென்றே வந்த மென்பொருள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். படத்தையும் இணைப்பையும் ஒரே சொடுக்கில் சேர்க்கும் வசதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் அந்த மாடலை நிறுத்தியதும் இணைப்பு செத்துவிடும், அதோடு அளவும் நிற எண்ணும் போய்விடும். கடைசியில் நிலைத்தது சாதாரண எக்செல் தாள்தான். பொருளின் குறியீடு, அறை, நிற எண், தடிமன், எட்ஜ் விவரம், பேட்ச், தளத்தில் தேவைப்படும் தேதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வந்த ஆர்டர் தேதி, துடைக்கும் முறை, அப்புறம் பிடிஎஃப்பாகச் சேமித்த தரவுத்தாள். தாளின் கடைசி நெடுவரிசை எனக்கு மிகவும் பிடித்தது: ‘கிடைக்காவிட்டால் என்ன’. மாற்றுப்பொருளை நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்து வைத்தால், ‘இதற்குச் சமமானது’ என்று வேறொன்றை யாரும் தலையில் கட்ட முடியாது.

அப்படிக் கட்டப் பார்த்த சப்ளையர் ஒருவர் உண்டு. வெனீரின் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு) நிறம் சரியாக இருந்தது, ஆனால் அலங்கார அடுக்கு ஒப்புக்கொண்டதைவிட மெல்லியது. வாடிக்கையாளர், சப்ளையர், நான் மூவரும் கையெழுத்திட்ட சாம்பிள் துண்டு என்னிடம் இருந்தது. இரண்டின் விளிம்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பேச்சு முடிந்தது, சரக்கு திரும்பிப் போனது. கையெழுத்துச் சாம்பிள் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும், ஒன்று பட்டறைக்கு, ஒன்று நமக்கு. சரக்கு வந்து இறங்கும்போது பெட்டியைப் பிரிக்காமல் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று கையெழுத்துப் போடக் கூடாது. ஓட்டுநர் அவசரப்படுத்தினால் ‘பிரித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போடலாம்.

நிறத்தை இறுதி செய்வது மட்டும் தளத்தில்தான். அங்கே போடப்போகும் அதே விளக்கின் கீழ், சுவருக்கானதை நிமிர்த்தியும் தரைக்கானதைக் கிடத்தியும் பார்க்கிறேன். கடை வெளிச்சத்தில் ஒத்துப்போன லேமினேட்டும் பெயிண்டும் மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் விளக்கில் அண்ணன் தம்பிச் சண்டை போட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லாக்கர் என்ற பாதுகாப்புப் பூச்சு பூசாத பித்தளைக் கைப்பிடியில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தொடும் இடம் பளிச்சென்றும் தொடாத இடம் கறுத்தும் போகும். சிலருக்கு அதுதான் அழகு, சிலர் மாதா மாதம் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றை வாங்கி வாடிக்கையாளர் வீட்டில் கையருகே உள்ள ஓர் இழுப்பறையில் மாட்டிவிடுகிறேன். கறுத்த பிறகும் வேண்டும் என்றால் மீதிக்கு ஆர்டர் போகிறது.