றப்பர் புஷ்ஷா, பொலியூரித்தேன் புஷ்ஷா? கீச்சிட்ட பிக்கப்புக்கு நான் போட்டது

நீர்வேலியிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றும் என் பிக்கப், வேகத்தடை வந்தாலே எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பிபோல முனகத் தொடங்கியது. மாரி மழையில் சத்தம் நின்றுவிடும். இரண்டு நாள் வெயில் எறித்தால் திரும்பிவிடும். நனைந்தால் அடங்குகிற சத்தம் பெரும்பாலும் புஷ்ஷில் இருந்துதான் வரும்; சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் வாகனத்தோடு பூட்டும் இடங்களில் அதிர்வை வாங்க இருக்கும் உருளை அது.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மகன் முன் பம்பரை அமுக்கி அமுக்கி விட, நான் கீழே படுத்து ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் பீய்ச்சினேன். ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வாகனம் அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷை நனைத்தும் சத்தம் அடங்கவில்லை. இடப்பக்கக் கீழ் ஆமின் (சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் இரும்புக் கை) பின் புஷ்ஷில் தண்ணீர் பட்டதும் வாயை மூடிக்கொண்டது. (பழைய எஞ்சின் ஒயிலைப் பூசிவிடச் சொல்வார்கள். சில நாள் அமைதி கிடைக்கும். பிறகு றப்பர் ஊதிக் கெட்டுவிடும்.)

புதிதாக எதைப் போடுவது? பொலியூரித்தேன், சுருக்கமாகப் பொலி, ஒரு வகைப் பிளாஸ்டிக்; கடினமானது, ஒயிலுக்கு அசையாது, ஸ்டியரிங்கை இறுக்கமாக வைத்திருக்கும், கையாலேயே செருகலாம். றப்பரை உள்ளே தள்ள பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) வேண்டும். இவ்வளவும் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாதது பராமரிப்பு. றப்பர் புஷ்ஷில் றப்பர், உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியே இருக்கிறது. ஆம் ஏறி இறங்கும்போது றப்பர் முறுகி மீளும். எதுவும் வழுக்குவதில்லை, ஆகவே கிறீஸ் தேவையில்லை. பொலியில் உள் குழாய் புஷ்ஷுக்குள் சுழல வேண்டும். இடையில் கிறீஸ் காய்ந்தாலோ மண் புகுந்தாலோ அதுவே கீச்சிடும். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் புழுதியையும், பண்ணைப் பாதையில் காற்றோடு வரும் உப்பு நீரையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொலி போட்ட என் மச்சான் ஐந்தாவது மாதமே அந்த இரும்புக் கையைக் கழற்றி, துடைத்து, சிலிக்கன் கிறீஸ் பூசினார். பிறகு இன்னொரு தடவை. எந்தச் சத்தத்துக்குப் பயந்து மாற்றினாரோ அதே சத்தம்! ஒரே வாகனத்தின் கதைதான், ஒத்துக்கொள்கிறேன். அவர் பூசிய கிறீஸும் முதலில் தவறானதாக இருந்திருக்கலாம். வன்னிக் காட்டுப் பாதையில் பாரம் ஏற்றி ஓடுபவருக்குப் பொலியின் இறுக்கம் பிடிக்கக்கூடும்; என் ஓட்டம் தார் வீதியிலும் தோட்டத்து ஒழுங்கையிலும்தான்.

ஆகவே றப்பர். ஆனால் அதற்கும் ஒரு பொல்லாத குணம் உண்டு. வாகனத்தை ஜக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், நிலத்தில் இறக்கியதும் றப்பர் முறுகிய நிலையிலேயே கிடக்கும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகிக் கிழியும். என் முதல் சோடி அப்படித்தான் ஆறு மாதத்தில் போனது. பழியைப் புஷ்மீது போட்டு இன்னொரு சோடி வாங்கிய முட்டாள் நான். இரண்டாம் தடவை வாகனத்தை இறக்கி, பாரம் சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்கச் சொன்னேன், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். என் வாகனத்தில் அந்தப் போல்ட்டுகள்தான் சக்கரக் கோணத்தையும் தீர்மானிக்கின்றன என்பதால், அன்றே வீல் எலைன்மென்டும் செய்தாயிற்று.

பத்து மாதமாக முன்பக்கம் பேசவில்லை. இப்போது பின்னால் ஏதோ முனகுகிறது. ஞாயிறு காலை தண்ணீர்ப் போத்தலோடு லீஃப் ஸ்பிரிங்குக்குக் கீழே படுக்க வேண்டும்.