மேட்பிளாட்லிப், க்னூபிளாட், பிளாட்லி: எது எங்க காலை வாருது

மேட்பிளாட்லிப், பிளாட்லி ரெண்டும் பைத்தான்ல கிராஃப் போடற லைப்ரரி, க்னூபிளாட் தனியா ஓடற கிராஃப் சாஃப்ட்வேர். மூணுலயும் அழகா கிராஃப் வரும், அதுல சண்டையே இல்ல. கேலரி பக்கத்துல இருக்கற படத்தை பாத்து லைப்ரரி தேர்ந்தெடுக்கறது ட்ரெய்லர் பாத்துட்டு படத்துக்கு மார்க் போடற கதைதான், ஏன்னா நம்ம நேரம் போறது கிராஃப் போடறதுல இல்ல, போட்ட கிராஃப் ஏன் இப்படி வந்துச்சுன்னு தலைய பிச்சுக்கறதுல. அதனால நான் ஒரே டேட்டாவை மூணுலயும் போட்டு, எது எந்த இடத்துல சொதப்புது, சொதப்பினா வாயத் திறந்து சொல்லுதா இல்ல கமுக்கமா இருக்குதான்னு மட்டும் பாத்தேன்.

டேட்டா ரொம்ப சாதாரணம். ஒரு டெம்பரேச்சர் சென்சார், நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், 30 நாள், ஆக மொத்தம் 43,200 வரி, ஒரு சிஎஸ்வி ஃபைல். நடுவுல ஒரு தடவை சென்சார் மக்கர் பண்ணி நம்பருக்கு பதிலா 'எர்ரர்'னு எழுதி வச்சிருக்கு. ஒரே ஒரு வரிதான். அது எனக்கு அப்போ தெரியாது.

டேட்டா படிக்கற பைத்தான் லைப்ரரியான பாண்டாஸ்ல படிச்சு மேட்பிளாட்லிப்ல போட்டா ஒய் ஆக்சிஸ் முழுக்க கருப்பா ஒரு பட்டை, ஏதோ மை கொட்டினாப்ல. உத்து பாத்தா அது பட்டை இல்ல, நூத்துக்கணக்கான லேபிள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு, 27.4-க்கு மேல 26.9, அதுக்கு மேல 28.1. அந்த ஒரு வார்த்தையால டெம்பரேச்சர் காலம் (column) மொத்தமும் ஸ்ட்ரிங், அதாவது நம்பரா இல்லாம வெறும் எழுத்தா ஆயிடுச்சு, ஸ்ட்ரிங் குடுத்தா மேட்பிளாட்லிப் அதை வகைகளா எடுத்துக்கும், எது முதல்ல வருதோ அதை கீழ வைக்கும். எர்ரர் எதுவும் வராது. ஆனா அந்த அசிங்கமான பட்டையே ஒரு எர்ரர் மெசேஜ் மாதிரிதான், பாத்த உடனே டேட்டா டைப்புல கோளாறுன்னு புரிஞ்சிடும். பாண்டாஸோட டூ நியூமெரிக் போட்டு, முடியாததை எல்லாம் காலி மதிப்பா மாத்துன்னு சொல்லிட்டா ஒரே வரியில தீர்ந்துச்சு.

பிளாட்லியில இதே கோளாறுதான், ஆனா விஷயம் கொஞ்சம் ஆபத்து. அதுவும் ஸ்ட்ரிங்கை வகையாத்தான் எடுத்துக்குது, ஆனா லேபிள் நெருக்கமா இருந்தா தானே கொஞ்சத்தை விட்டுட்டு கொஞ்சத்தை மட்டும் நீட்டா காட்டும். பாக்க ஒழுங்கான ஆக்சிஸ் மாதிரியே இருக்கும், நம்பர் வரிசை தப்புன்னு நின்னு படிச்சாத்தான் தெரியும். அழகா பொய் சொல்றதுன்னா இதுதான். க்னூபிளாட் இன்னொரு வகை, நம்பரா படிக்க முடியாத அந்த வரியை புள்ளியா வைக்காம போயிடும், கிராஃப் சரியா வரும், ஆனா டேட்டால ஒரு ஓட்டை இருக்குன்னு உங்களுக்கு தெரியவே தெரியாது. வெறும் ட்ரெண்ட் பாக்கணும்னா இது வசதி, சென்சார் எப்போ செத்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்னா இதை நம்பாதீங்க.

தேதி ஆக்சிஸ்ல நிலைமை தலைகீழ். பிளாட்லி தேதியை ஸ்ட்ரிங்கா குடுத்தாலும் வருஷம்-மாசம்-நாள் வரிசையில இருந்தா தானே புரிஞ்சுக்குது. மேட்பிளாட்லிப்புக்கு தேதிக்கான டைப்பான டேட்டைமா மாத்தி குடுக்கணும், மறந்தா 43,200 லேபிளையும் எக்ஸ் ஆக்சிஸ்ல எழுத உக்காந்துடும், ஃபேன் சத்தம் கேக்க ஆரம்பிக்கும். க்னூபிளாட்ல எக்ஸ் டேட்டா டைம்னு சொல்லணும், டைம்ஃபார்மட் குடுக்கணும், எந்த காலம் எக்ஸ் எந்த காலம் ஒய்னு யூசிங்கும் எழுதணும். யூசிங் விட்டா, டைம் டேட்டாவுக்கு முழு யூசிங் வேணும்னு நேரா முகத்துல சொல்லிடும். எரிச்சலா இருக்கும்தான், ஆனா மூணுல உருப்படியான எர்ரர் மெசேஜ் இது ஒண்ணுதான்.

இப்போ கஸ்டமைஸ் பண்ற விஷயத்துக்கு வருவோம், இங்கதான் மேட்பிளாட்லிப் பாடா படுத்துது. இதை ஆரம்பிச்சவர் ஜான் ஹண்டர், நியூரோபயாலஜிஸ்ட், மூளை சிக்னல் டேட்டாவை பாக்கறதுக்காக, மேட்லாப்ங்கற கணக்கு சாஃப்ட்வேர் பழக்கத்துல இருந்தவங்களுக்கு கை வரணும்னு எழுதினது. அந்த மேட்லாப் பாணி பிஎல்டி கமாண்டு ஒரு பக்கம், ஃபிகர் ஆக்சஸ்னு ஆப்ஜெக்ட் பாணி இன்னொரு பக்கம், ரெண்டும் இன்னிக்கும் உயிரோட இருக்கு. ஒரு இடத்துல பிஎல்டி டாட் எக்ஸ்லேபிள், இன்னொரு இடத்துல ஏஎக்ஸ் டாட் செட் எக்ஸ்லேபிள். நெட்ல கிடைக்கற பதில்கள்ல இருந்து பாதி இங்க பாதி அங்கன்னு ஒட்டினா, நாலு சப்பிளாட், அதாவது ஒரே படத்துல நாலு குட்டி கிராஃப் இருக்கும்போது டைட்டில் எப்பவும் கடைசி கட்டத்துக்கே போய் உக்காரும், ஏன்னா பிஎல்டி எப்பவும் 'இப்போ கையில இருக்கற' ஆக்சிஸ்ல தான் வேலை பண்ணும். முதல் வரியிலேயே சப்பிளாட்ஸ்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் ஏஎக்ஸ் மட்டும் யூஸ் பண்ணுங்க, பாதி தலைவலி போயிடும். ஷோ குடுத்துட்டு அப்புறம் சேவ்ஃபிக் குடுத்தா வெள்ளை பேப்பர் சேவ் ஆகறதும் இதே குடும்பம்தான், ஷோ விண்டோவை மூடினதும் கையில இருந்த ஃபிகரும் போயிடுது, அடுத்த பிஎல்டி புதுசா ஒரு காலி ஃபிகரை திறந்து அதை சேவ் பண்ணுது.

சைஸ் விஷயத்துல மட்டும் கொஞ்சம் நிக்கணும். டீஃபால்ட் ஃபிகர் 6.4 இன்ச் அகலம், 4.8 இன்ச் உயரம், எழுத்து 10 பாயிண்ட். இதை பேப்பர்ல 3.5 இன்ச் காலத்துக்குள்ள சுருக்கி வச்சா எழுத்து அஞ்சரை பாயிண்டுக்கு வந்துடும், ரிவ்யூ பண்றவங்க பூதக்கண்ணாடி தேடணும். நிறைய பேர் பண்றது என்னன்னா டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கறதை ஏத்தறது, 300, 600னு. டிபிஐ ஏத்தினா ஷார்ப் ஆகும், எழுத்து பெருசாகாது. ஃபிக்சைஸையே 3.5 இன்ச்சுன்னு போட்டு எழுத்தை 8 பாயிண்ட்ல வச்சு, சேவ் ஆனதை சுருக்காம அப்படியே ஒட்டணும், அவ்ளோதான். லேபிள் ஓரத்துல வெட்டுப்பட்டா லேஅவுட்டை கன்ஸ்ட்ரெயிண்டுனு (constrained) வைங்க. சேவ் பண்ணும்போது பிபாக்ஸ் டைட் போடறவங்களும் உண்டு, ஆனா அது படத்தோட சைஸையே மாத்திடும், அப்புறம் 3.5 இன்ச் கணக்கு எல்லாம் புஸ்ஸு.

க்னூபிளாட்ல சைஸ், படம் எந்த வகையில வரணும்னு சொல்ற டெர்மினல் லைன்லயே முடிஞ்சிடும், சண்டை கம்மி. அதோட வினோதம் எல்லாம் வேற ரகம். காலம் பேர்ல அண்டர்ஸ்கோர் இருந்தா, ரூம், அண்டர்ஸ்கோர், டெம்ப்னு வைங்க, எந்த கோடு எதுன்னு சொல்ற லெஜண்ட்ல ரூம் பக்கத்துல 'டெ' மட்டும் கீழ இறங்கி குட்டியா நிக்கும். அண்டர்ஸ்கோர்னா சப்ஸ்கிரிப்ட்னு அது நினைச்சுக்குது, நோஎன்ஹான்ஸ்டு குடுத்தா அடங்கும். ஒண்ணு பை ரெண்டு எழுதினா பூஜ்யம்னு கணக்கு போடும், முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா அப்படித்தான், 1.0னு எழுதணும். நான் ஒரு மதியம் முழுக்க கர்வ் ஏன் தரையோட தரையா கிடக்குதுன்னு பாத்துட்டு இருந்தேன். இன்டராக்டிவா வேலை பண்ணும்போது அவுட்புட் ஃபைலை திறந்தா காலியா இருக்கும், பயப்படாதீங்க, அன்செட் அவுட்புட் குடுத்தாத்தான் ஃபைலை மூடும். இது 1986-ல இருந்து இருக்கற சாஃப்ட்வேர், பேர்ல க்னூ இருந்தாலும் அந்த க்னூ ப்ராஜெக்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

டெம்பரேச்சர் ஒரு பக்கம் ஹ்யூமிடிட்டி இன்னொரு பக்கம்னு ரெண்டு ஒய் ஆக்சிஸ் வேணும்னா க்னூபிளாட்தான் ஜெயிக்குது, ஒய்2டிக்ஸ் போட்டு, ஆக்சஸ் எக்ஸ்1ஒய்2னு சொன்னா போதும், லெஜண்ட் தானா ஒண்ணா வரும். மேட்பிளாட்லிப்ல ட்வின்எக்ஸ் போட்டா ரெண்டு லெஜண்ட் ஒண்ணு மேல ஒண்ணு, கிரிட் ஆன் பண்ணியிருந்தா ரெண்டாவது ஆக்சிஸோட கிரிட் முதல் கர்வ் மேல கோடு போட்டுட்டு போகும். ரெண்டு கர்வோட ஹேண்டில்ஸையும் சேத்து ஒரே லெஜண்டா குடுக்கணும். பிளாட்லியில செகண்டரி ஒய் வரும், லெஜண்ட் அந்த வலது பக்க எழுத்து மேலயே போய் இடிக்கும், கையால நகத்தணும்.

தமிழ்ல லேபிள் போடறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. மேட்பிளாட்லிப்போட டீஃபால்ட் ஃபாண்ட் டெஜாவு சான்ஸ், அதுல தமிழ் கிடையாது, கட்டம் கட்டமா வரும். ஃபாண்ட் லிஸ்ட்ல நோட்டோ சான்ஸ் தமிழ் சேத்தா கட்டம் போயிடுது, ஆனா என் மெஷின்ல இருக்கற பதிப்புல 'வெப்பநிலை'னு எழுதினா கொம்பு வ-வுக்கு அப்புறம் வந்து நிக்குது, லை-யும் அதே கதி. எழுத்து வடிவத்தை சேக்கற வேலையை அது செய்யல, சேமிச்ச வரிசையிலேயே அடுக்குது. க்னூபிளாட்ல பிஎன்ஜி கெய்ரோ டெர்மினல், எழுத்தை ஒழுங்கா சேத்து வரையற பாங்கோ லைப்ரரி மூலமா எழுதறதால சுத்தமா வருது, பிளாட்லி பிரவுசர்லயே ஓடறதால பிரச்சனையே இல்ல. தமிழ் லேபிள்தான் முக்கியம்னா இந்த ஒரு காரணத்துக்கே மேட்பிளாட்லிப்பை தள்ளி வைக்கலாம்.

பிளாட்லியோட உண்மையான பலம் மவுஸ். அந்த எர்ரர் வரி எந்த நிமிஷத்துல வந்துச்சுன்னு ஜூம் பண்ணி மேல மவுஸை வச்சா தெரிஞ்சிடும், மத்த ரெண்டுலயும் இவ்ளோ சுலபம் இல்ல. ஆனா எச்டிஎம்எல்லா சேவ் பண்ணினா ஜாவாஸ்கிரிப்ட் முழுசும் உள்ள போய் ஒவ்வொரு ஃபைலும் சில எம்பி ஆயிடும், அந்த ஜாவாஸ்கிரிப்டை நெட்ல இருந்து எடுத்துக்கோன்னு சிடிஎன் குடுத்தா சுருங்கும், ஆனா நெட் இல்லாம திறக்காது. புள்ளி நிறைய இருந்தா பிளாட்லி எக்ஸ்பிரஸ் தானா வெப்ஜிஎல்லுக்கு, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பால வரையற முறைக்கு மாறிடுது. வேகம் நல்லாதான் இருக்கும், ஆனா ஒரே பக்கத்துல இருபது படம் வச்சீங்கன்னா கீழ போயிட்டு மேல வந்தா முதல் படங்கள் வெறுமையா கிடக்கும், பிரவுசர் இத்தனைதான் தாங்கும்னு ஒரு கணக்கு வச்சிருக்கு. எஸ்விஜி மோடுக்கு மாத்துங்க, இல்லன்னா பக்கத்தை பிரிங்க.

எனக்கு இப்போ பழகினது, டேட்டா வந்த உடனே பிளாட்லியில திறந்து நோண்டறது, பேப்பருக்கு போற படத்தை மேட்பிளாட்லிப்ல 3.5 இன்ச்சுக்கு போடறது. ஸ்க்ரீனே இல்லாத சர்வர்ல எஸ்எஸ்எச்ல இருக்கும்போது க்னூபிளாட், செட் டெர்மினல் டம்ப்னு (dumb) குடுத்தா வெறும் எழுத்துகளாலயே கருப்பு டெர்மினல்ல கர்வ் வரைஞ்சு காட்டும், சென்சார் ஓடுதா செத்துச்சான்னு பாக்க அது போதும்.