சில்லுக்குக் கம்பி, கணைக்காலுக்கு ஆணியா பிளேட்டா?

எங்கள் வீட்டில் இரண்டு முறிவையும் பார்த்தாகிவிட்டது. அம்மா தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போகிற வழியில் தண்ணீர் ஓடும் கானில் கால் வழுக்கி, கூடையோடு கல்லில் முழங்கால் குத்தி விழுந்தார். முழங்கால் சில்லு இரண்டாகப் போனது. மூன்று வருஷம் கழித்து ஹட்டன் பாதையில் ஆட்டோ புரண்டு தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு நடுவில் முறிந்தது.

சில்லு உடைந்த எல்லோருக்கும் ஒப்பரேஷன் தேவையில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் குதிகாலைத் தூக்கச் சொல்வார்கள். தூக்க முடிந்தால், எக்ஸ்ரேயிலும் துண்டுகள் 2, 3 மில்லிமீற்றருக்கு மேல் விலகாமல் இருந்தால், 4 முதல் 6 கிழமை கால் நீட்டிய கட்டே போதும். அம்மா, "எப்ப டொக்டர் மலைக்கு வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டார். "மொதல்ல காலைத் தூக்குங்கம்மா" என்றார் அவர். தொடை நடுங்கியதே தவிர குதி மெத்தையை விட்டு எழும்பவில்லை. தொடைத் தசை மேல்துண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. அதை எந்தக் கட்டும் கீழே இறக்காது, நாட்டு வைத்தியரின் எண்ணெயும் பற்றும்கூட இறக்காது.

அம்மாவுக்குச் செய்தது இரண்டு ஊசிக்கம்பி, அவற்றைச் சுற்றி 8 வடிவில் முறுக்கிய எஃகுக் கம்பி. முழங்கால் மடங்கும்போது முன்பக்கப் பிளவைத் திறக்கப் பார்க்கிற இழுவையை அந்தக் கம்பி தடுக்கிறது. அதே இழுவை பின்பக்கத்தில் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதனால் காலைச் சீக்கிரம் மடக்கிப் பழக்கலாம். முக்கியமான குறை: தோலுக்கடியில் கம்பி முனை உறுத்தும். அம்மா அடுப்படியில் முழங்கால் போட்டால் முகம் சுளிப்பார். தொட்டுப் பார்த்தால் அரிசி அளவில் ஒரு முனை விரலில் படும். கம்பிக்குப் பதில் நடுவில் துளையுள்ள குழாய்த் திருகாணி போட்டால் உறுத்தல் குறைவு. ஆனால் துண்டுகள் பெரிதாகவும் எலும்பு கெட்டியாகவும் இருந்தால்தான் அது பிடிக்கும். நொறுங்கிப்போன சில்லை முழுவதும் எடுத்துவிடுவது கடைசி வழி. சில்லு போனால் காலை நீட்டும் பலம் வெகுவாகக் குறையும். சரிவில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவர்கள் அதற்கு லேசில் சம்மதிக்கக் கூடாது.

கணைக்காலில்தான் ஆணிக்கும் பிளேட்டுக்கும் உண்மையான போட்டி. தம்பிக்கு முதலில் தொடைவரை பிளாஸ்டர் போட்டார்கள். இரண்டாம் கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு சாய்ந்திருந்தது. சாயாமல் நின்றிருந்தாலும் மூன்று, நான்கு மாதம் அந்தக் கட்டோடு லயத்துப் படியில் இறங்கி வெளியே இருக்கும் கழிவறைக்குப் போய்வர வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆணி என்றால் சில்லுக்குக் கீழே சிறிதாகக் கீறி, எலும்பின் மச்சைக் குழிக்குள் கணுக்கால் பக்கம்வரை இறக்கும் நீளக் கம்பி. மேலும் கீழும் குறுக்குத் திருகாணி. பெரும்பாலும் முறிந்த இடத்தைத் திறக்கவே வேண்டாம், சீக்கிரம் கால் ஊன்றவும் விடுவார்கள். பிளேட் என்றால் எலும்பின் மேல் வைத்துத் திருகாணியால் பூட்டும் உலோகத் தகடு. அதற்கு முறிவின் பக்கமே தோலைத் திறக்க வேண்டும். கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே இல்லை. அங்கே புண் ஆறாமல் போகும் பயம் கூடுதல். பாரம் வைக்கவும் பல கிழமை காத்திருக்க வேண்டும். நடுத்தண்டு முறிவுக்கு நான் ஆணி பக்கம்தான். முறிவு முழங்கால் மூட்டுக்குள் ஓடியிருந்தால் கதை வேறு. மூட்டின் மேற்பரப்பைத் தூக்கிச் சமன்செய்து தாங்க பிளேட்தான் வேண்டும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் எதையும் பூசாதீர்கள். சுத்தத் துணியால் மூடி உடனே கொண்டுபோங்கள். புண்ணைக் கழுவுவதும் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பதும்தான் அங்கே முதல் வேலை. புண் மோசமென்றால் வெளியிலிருந்து கம்பிச் சட்டம் பூட்டுவார்கள். இன்னொன்று, கட்டுப் போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போய், கால்விரலை அசைத்தால் உயிர் போவதுபோல இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. உள்ளே வீக்கம் இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்று அர்த்தம். சில மணிநேரத்தில் தசை செத்துவிடும். நடுச்சாமமானாலும் தோட்டத்து லொறியையாவது கேட்டு எடுங்கள்.

ஒன்றரை வருஷத்தில் அம்மாவின் கம்பியை எடுத்தார்கள். இப்போது மலையிறங்கும்போது பக்கவாட்டில் கால் வைக்கிறார், அவ்வளவுதான். தம்பியின் ஆணி உள்ளேதான் இருக்கிறது. வேலைக்குப் போகிறான், படி ஏறுகிறான். கோயிலில் மட்டும் முழங்கால் போட முடியாமல் அந்தக் காலை நீட்டிவைத்து உட்காருகிறான்.