குழல் மாற்றும் ரைஃபிள்கள்: ஸ்கோப் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஜெர்மனியில் ரோ மான் என்ற சிறிய மானைச் சுட ஒரு விதி, காட்டுப்பன்றிக்கு வேறு விதி. ரோ மான் என்றால், 100 மீட்டரில் தோட்டாவுக்கு 1000 ஜூல் ஆற்றல் மிச்சம் இருந்தால் போதும். பன்றி, செம்மான் போன்றவற்றுக்குத் தோட்டாவின் விட்டம் 6.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 100 மீட்டரில் 2000 ஜூலும் இருக்க வேண்டும். ரோ மானுக்கு .223 என்ற சிறிய தோட்டா தாராளமாகப் போதும். அதைத் தூக்கிக்கொண்டு பன்றி வேட்டைக்குப் போக முடியாது. ஒன்று, இரண்டு ரைஃபிள் வாங்க வேண்டும்; இல்லையென்றால் ஒரே ரைஃபிளுக்கு இரண்டு குழல். குழல் மாற்றும் போல்ட் ரைஃபிள்களுக்கு (ஒவ்வொரு தோட்டாவையும் போல்ட்டைக் கையால் இழுத்து ஏற்றுபவை) அங்கே மவுசு இருப்பதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இங்கே எடுத்துக்கொண்டது நான்கு: பிளேசர் ஆர்8, மௌசர் எம்03, சாவர் 404, மெர்க்கல் ஹெலிக்ஸ். வேடிக்கை என்னவென்றால், முதல் மூன்றும் தெற்கு ஜெர்மனியின் இஸ்னி என்ற ஒரே சிற்றூரைச் சேர்ந்தவை, ஒரே குழுமத்தின் பிராண்டுகள். பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெர்க்கல் மட்டும் கிழக்கே சூல் நகரத்துக்காரர்.

விளம்பரங்கள் எல்லாம் குழலை எத்தனை வேகமாகக் கழற்றலாம் என்றே பேசுகின்றன. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. யாரும் புதருக்குள் நின்று குழல் மாற்றப் போவதில்லை, வீட்டு மேசையில்தான் மாற்றப் போகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாற்றிய பிறகு குறி அதே இடத்தில் நிற்குமா? அதற்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2008இல் வந்த ஆர்8இல் ஸ்கோப் குழலின்மேலேயே உட்காருகிறது. முன்கட்டையில் இரண்டு நட்டுகளைச் சாவியால் தளர்த்தினால் குழலும் ஸ்கோப்பும் ஒன்றாகக் கையில் வந்துவிடும். இன்னொரு குழலை அதன் சொந்த ஸ்கோப்போடு வைத்து இறுக்கினால் முடிந்தது. கண்ணாடிக்கும் குழலுக்கும் நடுவே உடற்பகுதி (போல்ட் ஓடும் பாகம்) எதுவும் இல்லாததால் குறி கலைய வழி குறைவு. ஆனால் அந்தச் சுகம் முழுசாக வேண்டுமென்றால் குழலுக்கு ஒரு ஸ்கோப் வாங்கியாக வேண்டும். நல்ல ஸ்கோப் ஒன்றே ரைஃபிள் விலைக்குப் போகும் காலம் இது.

மற்ற மூன்றிலும் ஸ்கோப் உடற்பகுதியின்மேல். குழல் மாறினாலும் கண்ணாடி அங்கேயே இருக்கும். ஒரே ஸ்கோப்பில் காலம் ஓட்ட நினைப்பவருக்கு இது வசதி. ஆனால் புதுக் குழலும் புதுத் தோட்டாவும் வேறு இடத்தில்தான் அடிக்கும், ஆகவே ஒவ்வொரு தடவையும் சுடுதளத்துக்குப் போய்க் குறியைச் சரிசெய்ய வேண்டும். கழற்றி மாட்டும் மவுண்ட்டோடு (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) குழலுக்கு ஒரு ஸ்கோப் வைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் செலவில் ஆர்8க்குச் சமமாகிவிடும்.

போல்ட் விஷயத்தில் ஆர்8உம் ஹெலிக்ஸும் நேராகப் பின்னால் இழுக்கும் வகை. நாய்கள் பன்றிகளைக் கலைத்து ஓட்டிவரும் வேட்டையில் இரண்டாவது குண்டு சட்டென்று தயாராகும். ஆர்8இல் வெட்டுகள் கொண்ட ஒரு வளையம் விரிந்து குழலின் உட்பள்ளத்தைச் சுற்றிலும் பிடித்துக்கொள்கிறது. 2010இல் வந்த ஹெலிக்ஸில் ஏழு பற்கள் உள்ள போல்ட் தலை சுழன்று பூட்டுகிறது. கை நகரும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு போல்ட் நகர்கிறது, அதுவும் மூடிய உடலுக்குள்ளேயே. கன்னத்தை ஒட்டி இரும்பு வந்து போகாதது எனக்குப் பிடித்திருக்கிறது. குழல் கழற்றக் கருவியும் வேண்டாம்.

2003இன் எம்03உம் 2015இன் சாவர் 404உம் தூக்கி இழுக்கும் பழைய முறை. மெதுவானதுதான். ஆனால் அழுக்கிலோ வெயிலிலோ தோட்டாக் கூடு ஒட்டிக்கொண்டால், கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு நெம்பு கிடைக்கும். நேராக இழுக்கும் போல்ட்டில் அந்த நெம்பு குறைவு. 404இன் குழல் கழற்றும் சாவி முன்பக்க வார் வளையத்திலேயே ஒளிந்திருக்கிறது. ட்ரிக்கரை இழுக்கத் தேவையான எடையையும் 550 முதல் 1250 கிராம் வரை நான்கு படியில் மாற்றலாம். சாவியைத் தொலைக்கும் ஆட்களை நன்றாகத் தெரிந்தவர்தான் இதை வடிவமைத்திருக்க வேண்டும்.

ஆர்8இல் மேகசினும் (தோட்டாப் பெட்டி) ட்ரிக்கரும் ஒரே துண்டு. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் ரைஃபிள் வெறும் கட்டை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்ல ஏற்பாடு. அதே துண்டு காட்டில் எங்காவது விழுந்துவிட்டால் அன்றைய வேட்டையும் முடிந்தது.

குழல் வாங்கும்போது தோட்டாவின் அடிப்பக்க அளவையும் பார்க்க வேண்டும். .30-06உம் 9.3x62உம் அடியில் ஏறக்குறைய ஒரே அளவு, 12 மி.மீ.; போல்ட் தலையைத் தொட வேண்டாம். .223க்கு இறங்கினாலோ .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு ஏறினாலோ தலையும் மாறும், செலவும் ஏறும்.

இரண்டு ஸ்கோப்புக்குக் காசு இருந்தால் நான் ஆர்8ஐத்தான் எடுப்பேன். ஒரே ஸ்கோப் என்றால் 404. ஓட்டிச் சுடும் வேட்டையே பிரதானம், கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பயணமும் போக வேண்டும் என்பவர் ஹெலிக்ஸைத் தோளில் வைத்துப் பார்க்கட்டும். அப்புறம், இவற்றின் உதிரிக் குழல் ஒன்றுக்குக் கொடுக்கும் காசுக்கு டிக்கா என்ற பின்லாந்து பிராண்டின் ஒரு முழு ரைஃபிளே கிட்டத்தட்ட வந்துவிடும். துப்பாக்கி அலமாரியில் இடம் இருந்து, விமானப் பயணமும் இல்லாதவர் இரண்டு டிக்காவை வாங்கி, இரண்டையும் ஒரு தடவை குறி பார்த்து வைத்துவிடலாம்.